ஷீட்டின் கனம் கூரையைக் காப்பாற்றாது

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் என் வீடு. புனலூரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதிவந்தேன், இப்போது ஓய்வு. தச்சு வேலை நெடுநாள் ஆசை. வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டி 15 அடிக்கு 10 அடியில் ஒரு பட்டறைக் கொட்டகை போட நினைக்கிறேன். நானும் மருமகனும் சேர்ந்து நாங்களே கட்டுவதாக உத்தேசம். வெல்டிங்காரர், நாலு மூலையிலும் பைப்பை மண்ணில் ஊன்றி மேலே ஷீட்டை மாட்டினால் போதும் என்கிறார். ஆரியங்காவில் இருக்கும் மைத்துனர், வெட்டுக்கல் சுவரும் ஓட்டுக் கூரையும்தான் நம் பக்கத்துக்கு ஏற்றது என்கிறார். பழைய வீட்டை இடித்த ஓடும் பனங்கையும் என்னிடம் இருக்கின்றன. போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கொட்டகையின் தகரம் கழன்று சாலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பறக்காமல் இருக்க எத்தனை மில்லி ஷீட் வாங்க வேண்டும்? கதவை மேற்கே வைத்தால் மலைக்காற்று வருமே, வைக்கலாமா? எந்த வேலைக்கு ஆள் வேண்டும்? தம்பி விளக்கமாக எழுத வேண்டும்.

பதில்: அன்புள்ள அண்ணாச்சி, ஷீட் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். கொட்டகை 15க்கு 10 என்றால், நாலு புறமும் ஓரடி இறவாரம் விட்டுக் கூரை 17க்கு 12 வரும். ஏறத்தாழ 19 சதுர மீட்டர். 0.4 மில்லிமீட்டர் ஷீட்டுக்குப் பதில் 0.5 வாங்கினால் மொத்தக் கூரைக்கும் கூடுகிற எடை சுமார் 15 கிலோ. ஷீட், அதன் அடியில் நீளவாட்டில் ஓடித் தாங்கும் பர்லின் பைப், பர்லினைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ் எல்லாம் சேர்த்தாலே 200 கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இப்போது காற்றின் பக்கம் வாருங்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பகுதி, நம் பகுதிக்கு அடிப்படை வேகமாக நொடிக்கு 39 மீட்டரைக் கொடுக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வீச்சு. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோ அளவுக்கு அழுத்தம் பிறக்கும். தாழ்ந்த கொட்டகை, சுற்றிலும் மரங்கள் என்று கழித்துக்கொண்டே வந்தாலும் உங்கள் கூரையை மேலே இழுக்கும் விசை ஒரு டன்னுக்குக் குறையாது. ஒரு டன்னை எதிர்க்க 15 கிலோவை நம்ப முடியுமா? 0.5 ஷீட்டையே வாங்குங்கள். அது ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும், ஸ்க்ரூத் தலையைச் சுற்றி எளிதில் கிழியாது. ஆனால் கூரை பறக்காமல் இருப்பது ஷீட்டின் கனத்தால் அல்ல, அதைத் தரையோடு கட்டிப்போடும் பிடிகளால்.

காற்று கூரையை அழுத்தித்தான் உடைக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால்தான் கல்லையும் மணல் மூட்டையையும் மேலே ஏற்றுகிறார்கள். கல் உருண்டு யார் தலையிலாவது விழும். ஈர மூட்டை கிடக்கும் இடத்தில் ஷீட் துருப்பிடிக்கும். உண்மையில் காற்று கூரையைத் தூக்குகிறது. சரிவின் மேல் வேகமாக ஓடும் காற்று மேற்பரப்பில் அழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சுகிறது. கொட்டகைக்குள் புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் அடியிலிருந்து தள்ளுகிறது. சாரலில் நடக்கும்போது எதிர்க்காற்று குடைக்குள் புகுந்தால் கம்பிகள் மேல்நோக்கி மடங்குவதைப் பார்த்திருப்பீர்கள், கூரைக்கும் அதேதான். உங்கள் பக்கத்துத் தோட்டத் தகரம் நசுங்கி உள்ளே விழவில்லை, முழுசாகக் கழன்று சாலையைத் தாண்டிப் போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நம் ஊர் இருக்கும் இடமும் அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவில் இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாயில் நெருக்கிப் பிழிந்துகொண்டு கிழக்கே இறங்குகிறது. குற்றாலத்தில் அருவி கொட்டும் மாதங்களும், கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுழலும் மாதங்களும் இவைதான். புளியரை அந்தக் கணவாயின் வாசலில் இருக்கிறது. சமவெளியில் இருப்பவர் நாலு பைப் ஊன்றித் தப்பித்துக்கொள்ளலாம். நீங்கள் அதைச் செய்யக் கூடாது.

இதனாலேயே மேற்குக் கதவு வேண்டாம். கதவைத் திறந்து வைத்து நீங்கள் இழைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பலத்த வீச்சு வந்தால், காற்று நேரே உள்ளே நிரம்பிக் கூரையை அடியிலிருந்து தள்ளும்; மேலே உறிஞ்சும் விசையும் அதோடு சேரும். நான் சொன்ன ஒரு டன் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். சாரல் நனைப்பது தனி. கதவைக் கிழக்கே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கமிருந்து வரும் என்பதால் கதவுக்கு மேல் மட்டும் இரண்டடிக்குச் சின்னச் சார்ப்பு, சட்டத்தோடு தனியாக வெல்டு செய்து போடுங்கள். பிரதானக் கூரையை நீட்ட வேண்டாம். மலைக்காற்று வேண்டுமென்றால் மேற்குச் சுவரில் உயரமாக, ஒன்றரை அடிச் சதுரத்தில், உள்ளிருந்து கொக்கி போட்டு மூடும் இரண்டு சன்னல்கள் போதும். மேற்கில் ஒன்றைத் திறந்தால் கிழக்குச் சன்னலும் திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்த காற்று போக வழி வேண்டும்.

இனிப் பிடிகள். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தால்தான் எங்கே அறும் என்று தெரியும்.

முதல் பிடி ஸ்க்ரூ. ரப்பர் வாஷர் வைத்த, தானே துளைத்துக்கொள்ளும் ஸ்க்ரூ வாங்குங்கள். ஷீட்டின் மேட்டில், பர்லினுக்கு நேராக, சாயாமல் செங்குத்தாக இறங்க வேண்டும். வாஷரைக் குனிந்து கண்ணால் பாருங்கள்: மேலேயுள்ள உலோகத் தட்டின் விளிம்பு வரை ரப்பர் சற்றே உப்பி வந்து நிற்பதுதான் சரியான இறுக்கம். தட்டைத் தாண்டிப் பிதுங்கினால் அதிகம். ஓராண்டு வெயிலில் ரப்பர் வெடிக்கும், ஒழுகும். விரலால் வாஷர் சுழன்றால் போதவில்லை. பிறகு உள்ளே வந்து அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவின் முனையும் பர்லினுக்குள் மறைந்திருக்க வேண்டும். வெறும் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே தொங்கும் முனை எதையும் பிடித்திருக்கவில்லை. அதைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, வேறிடத்தில் போடுங்கள். கூலிக்கு விட்டால் அவசரத்தில் இந்தத் தவறு கட்டாயம் நடக்கும். இந்த வேலையை நீங்களும் மருமகனும் செய்வதே நல்லது.

காற்றின் உறிஞ்சல் கூரை முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓரங்களிலும் மூலைகளிலும் நடுவைவிட மிகக் கூடும். பறந்த கூரை எதையும் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் ஓரத்திலோ மூலையிலோ இருந்துதான் உரிந்திருக்கும். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போடலாம். இறவாரத்திலும் முகட்டிலும் இரு பக்க ஓரங்களிலும் மேட்டுக்கு மேடு போட வேண்டும். நூற்றுக்கு மேல் ஸ்க்ரூ ஆகும். கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் இது. பர்லின்களுக்கு இடையே மூன்றடி. கடைசிப் பர்லினுக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே இரண்டடி.

அடுத்தது பர்லினும் ட்ரஸும் சேரும் இடம். வெல்டிங்காரர்கள் முதலில் புள்ளி வைத்து நிறுத்துவார்கள், பிறகு முழுசாக ஓட்டுவார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் புள்ளியோடு நின்றுவிடும் மூட்டுகளும் உண்டு. பெயிண்ட் அடித்தபின் எது எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பெயிண்ட் அடிக்கும் முன் மூட்டு ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கசடை உதிர்த்து, இரண்டு பக்கமும் வெல்டு தொடர்ந்து ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பைப்பின் கனத்தையும் நீங்களே அளந்து வாங்குங்கள். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த பைப்பில் வெல்டு ஓட்டை போட்டுவிடும். துத்தநாகம் பூசிய பைப் என்றால் வெல்டு செய்த இடத்தில் பூச்சு எரிந்திருக்கும். துத்தநாக பெயிண்ட் இரண்டு கை அடித்தால்தான் அந்த இடம் துருவைத் தாங்கும். நம் பக்கத்துச் சாரல் துருவுக்கு மிகவும் பிடித்தமானது.

கடைசிப் பிடி தரையில். பைப்பை மண்ணில் ஊன்றுவது கூடவே கூடாது. மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த இரண்டு அங்குலத்தில் பைப் துருவேறி இற்றுப்போகும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. நாலு கால் போதாது, ஆறு வையுங்கள்: நீளவாட்டில் பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி. அதை நிரப்பும் கான்கிரீட் சுமார் 380 கிலோ எடை வரும். ஆறும் சேர்ந்து 2,300 கிலோவுக்குப் பக்கம். உங்கள் கூரையைக் காப்பாற்றும் எடை இது, அண்ணாச்சி. ஷீட்டில் தேடிய கனத்தைக் குழிக்குள் போடுங்கள்.

கலவை, சிமெண்ட் ஒரு பங்குக்கு மணல் ஒன்றரைப் பங்கு, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பங்கு. ஆறு குழிக்கும் எட்டு மூட்டை சிமெண்ட் ஆகும். தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்; மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். குழம்பாக ஓடும் கலவை வேலைக்குச் சுகம், பலத்துக்குக் கேடு. 8 அங்குலச் சதுர, 8 மில்லிமீட்டர் தகடு ஒவ்வொரு காலின் அடியிலும் வெல்டு ஆக வேண்டும். நுனி வளைந்த 12 மில்லிமீட்டர் போல்ட் நாலு, ஒன்றரை அடி நீளத்தில், ஈரக் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும். போல்ட்டுகள் பிசகாமல் நிற்க, தகட்டில் உள்ள அதே துளைகளைப் போட்ட பலகை ஒன்றைச் செய்து, குழியின் மேல் வைத்து, அதில் போல்ட்டுகளைத் தொங்கவிடுங்கள். பலகையில் அளவெடுத்துத் துளை போடுவது உங்களுக்குக் கைவந்த கலை. கொத்தனாரைவிட நீங்கள் சுத்தமாகச் செய்வீர்கள். கான்கிரீட்டின் தலை, பிறகு போடப்போகும் உள்தளத்தில் புதையாமல் அதற்கு மேலே நிற்கட்டும். மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நாலடி, ஐந்தடிக் கணக்கு உங்களுக்குத் தெரியும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்தால் இரண்டு குறிக்கும் இடையே ஐந்தடி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக இருந்தால்தான் முதல் குழியைத் தோண்டுங்கள்.

கால்கள் நின்றதும் சட்டம் பக்கவாட்டில் ஆடும். நாலு மூலைக் கட்டத்திலும் குறுக்குச் சட்டம் பெருக்கல் குறியாகப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். அழகுக்காக இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் விடாதீர்கள்.

உங்கள் மைத்துனரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஓடு ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல், கூரையே கனம். அந்தக் காலத்து வீடுகளில் சரிவையும் செங்குத்தாக வைத்தார்கள், மேற்கு இறவாரத்தைத் தாழ இறக்கினார்கள், ஓரத்து வரிசை ஓடுகளைச் சாந்து வைத்துப் பூசினார்கள். மூன்றுமே காற்றை அறிந்து செய்தவை. தட்டையான கூரையைவிடச் செங்குத்தான சரிவில் உறிஞ்சல் குறைவு என்பதைத் தர நிர்ணயக் கணக்கும் சொல்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது; இரண்டு பக்கத்துத் தச்சர்களும் ஒரே முறையில் கட்டிய ஊர் இது. ஆனால் ஓட்டுக் கூரைக்கு மரச்சட்டம் கனமாக வேண்டும், சுவர் கனமாக வேண்டும், அதற்கு வானம் தோண்டி அஸ்திவாரம் வேண்டும். இரண்டு பேர் கையால் முடிகிற வேலை அது இல்லை. புளியரையில் குரங்குகள் வேறு ஓட்டைப் புரட்டிப் போடும். ஒரு ஓடு நகர்ந்தால் அடுத்த மழையில் உங்கள் இழைப்புளியும் உளியும் நனையும். மைத்துனரிடமிருந்து சரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட் கூரையை இரண்டு பக்கச் சரிவாக, முகடு வடக்கு தெற்காக ஓடும்படி, 10 அடி அகலத்துக்கு முகடு இரண்டரை அடி எழும்படி வையுங்கள். கொட்டகையின் நீளம் வடக்கு தெற்காக அமைந்தால் எல்லாம் பொருந்திவரும்.

பனங்கையை வீணாக்க வேண்டாம். வைரம் பாய்ந்த கறுப்புப் பகுதி இருந்தால் வேலை மேசைக்குக் கால் அதுதான். உள்ளே வெளுத்துச் சோறாக இருப்பதைக் கழித்துவிடுங்கள். கரையான் முதலில் அங்கேதான் ஏறும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாகக் கிடைக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். துளை போடும்போது பறக்கும் நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

சுவருக்கு, கால்களுக்கு இடையே மூன்றடி உயரம் ஹாலோ பிளாக்; அதற்கு மேல் ஷீட். நாலங்குலச் சுவரை எட்டடிக்குத் தனியாக எழுப்பினால் காற்றே தள்ளிவிடும். தளத்தைச் சுற்றுத்தரையைவிடப் பத்து அங்குலம் உயர்த்துங்கள். சரளை மண் ஆறு அங்குலம் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து, மேலே பாலித்தீன் விரித்து, அதன் மேல் நாலு அங்குலக் கான்கிரீட். பாலித்தீனை விட்டுவிட்டால் ஈரம் மேலேறும். சாரல் மாதங்களில் பலகைகள் ஊதிக் கோணும். கரையான் மருந்தை பாலித்தீன் விரிக்கும் முன், மண்ணில், டப்பாவில் சொன்ன அளவில் தெளியுங்கள். மரத்தைச் சுவரில் சாய்த்து வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்குங்கள். மில்லில் பார்த்த பழக்கம் உங்களுக்கு இருக்கும். புனலூரிலிருந்து ரப்பர் மரம் மலிவாக வருகிறதே என்று வாங்கினால், மருந்தேற்றிக் காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். பச்சையாக வந்தால் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் பிடிக்கும். உறவினர் தோட்டத்துத் தேக்கு என்றாலும் வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொண்டுவராதீர்கள்.

தென்னை பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. தோப்பை ஒட்டி என்றால் எவ்வளவு ஒட்டி? தேங்காய் நேரே விழும். காற்றில் மட்டை பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிக்கூட விழும். அரை மில்லி ஷீட் தேங்காயைத் தாங்காது. அடிமரத்திலிருந்து 15 அடியாவது விலகிப் போடுங்கள். கொட்டகைக்கு மேற்கே நிற்கும் மரங்களிலிருந்து இன்னும் கூடுதலாக விலகுங்கள்.

ஆள் வேண்டியது இரண்டு வேலைக்கு. வெல்டிங் ஒன்று, உயரத்தில் நின்று செய்வது பழகிய கைக்குத்தான். மின்சாரம் மற்றொன்று. வீட்டிலிருந்து தனி வயர் இழுத்து, கொட்டகைக்கெனத் தனி எர்த்தும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் வைக்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஈரக் காலோடு, இரும்புக் கொட்டகைக்குள், கையில் மின்ரம்பம் பிடித்து நிற்கப்போகிறீர்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம். குழி, கான்கிரீட், தளம், பெயிண்ட், ஸ்க்ரூ, கதவு, சன்னல் எல்லாம் உங்கள் இருவருடைய வேலை. ஷீட்டை ஏற்றும் நாளில் மட்டும் இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் காற்று எழும் முன் ஏற்றுங்கள். காற்றில் பிடித்த ஷீட் கையை அறுக்கும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். ஏற்றிய ஷீட்டை அன்றைக்கே முழு ஸ்க்ரூவும் போட்டு முடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று பாதியில் விட்டதைத்தான் காற்று தேடி வரும்.

தொடங்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, உங்கள் சர்வே எண் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கு உட்பட்ட பட்டியலில் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வந்தால் அனுமதி வாங்கும் வழி வேறு. ஆசைக்குச் செய்கிறவரை வீட்டு மின் இணைப்பு போதும். கூலிக்கு வேலை எடுக்கத் தொடங்கினால் இணைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தை பிறந்ததும் குழி தோண்டினால் வைகாசிக்குள் கூரை ஏறிவிடும், சாரலுக்கு முன் சன்னலும் மாட்டிவிடலாம். முதல் குழியை இரண்டரை அடி தோண்டி ஒரு இரவு விட்டுவையுங்கள். காலையில் அடியில் தண்ணீர் ஊறியிருந்தாலோ, களிமண் குழைந்திருந்தாலோ மற்றக் குழிகளைத் தோண்டாமல் எனக்கு எழுதுங்கள். அளவை மாற்றித் தருகிறேன். செம்மண்ணும் சரளையும் காய்ந்து நின்றால் மேலே சொன்னபடி தொடரலாம்.